தாமதமாக வரும் சிரிப்பு

அத்தியாயம் 11

பத்து வாரமாகக் கிடியன் குடும்பத்தோடு கூடவே நடந்து வருகிறவர்களுக்கு ஆல்டனின் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம்தான் வந்து சேர்ந்திருக்கிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

ஆல்டன் கிடியன் எதற்கும் தாமதமாகத்தான் சிரிப்பார். வேடிக்கை புரியாமல் இல்லை. மெதுவாக ரசிக்கிற மனுஷன். சர்ச்சில் பாதிரியார் ஏதாவது கிண்டலாகச் சொன்னால் ஊரே சிரித்து அடங்கும். அடுத்த வசனத்துக்கு அவர் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து, பின் வரிசையிலிருந்து முதலில் ஒரு விக்கல், அப்புறம் மேலே மேலே ஏறிப்போகும் ஒரு சிரிப்பு வரும். அதைக் கேட்டு ஜனங்கள் இரண்டாம் தடவை சிரிப்பார்கள்.

அவர் செத்துப் பதினாலு மாதம் ஆகிறது. டயர் தொழிற்சாலையில், வேலைத்தளத்திலேயே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்கு ஒரு வருஷம் முன்புதான் சர்ச் பஸ்ஸில் நாற்பது பேரோடு ஸ்டூடியோவுக்குப் போய், கறுப்பர்கள் நடிக்கும் ‘மூன்றாம் மாடி’ என்ற டிவி நகைச்சுவைத் தொடரைப் படம் பிடிப்பதைப் பார்வையாளராக இருந்து பார்த்துவிட்டு வந்திருந்தார்.

அடக்கம் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, எட்டு மணிக்கு, அவர் மனைவி வெர்லீன் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு வேடிக்கைக்கு டிவியில் பார்வையாளர்கள் எல்லோரும் சிரித்து ஓய்ந்தார்கள். அப்புறம் டிவிக்குள்ளிருந்து ஆல்டன் சிரித்தார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை எட்டு மணி என்றால் வெர்லீனை யாரும் எங்கேயும் கூப்பிட முடியாது. வீட்டில் யாரும் நம்பவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

கவலை வேறு. ‘மூன்றாம் மாடி’யைப் பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், நிறுத்தப் போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், எந்த வீட்டில் எந்த நிகழ்ச்சி பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனியிலிருந்து தபாலில் டைரி வந்தது. அவர்கள் தெரு முழுக்க ஒரே ஒரு வீட்டுக்கு, அதுவும் இந்த வீட்டுக்கு. லாஸ் ஏஞ்சலஸின் இந்தப் பக்கத்துக் கறுப்பர் வீடுகளுக்கு அப்படி ஒன்று வந்ததாக வெர்லீன் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஒரு வீடு எழுதுவதை வைத்து ஆயிரக்கணக்கான வீடுகளை அவர்கள் கணக்குப் போடுவார்களாம்.

வியாழன் தொடங்கி புதன் முடிய ஏழு நாள் எழுத வேண்டும். இன்று புதன்.

*

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வெர்லீன் டைரியைப் புரட்டினாள். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

எட்டு மணிக் கட்டத்தில் அவள் பென்சிலால் எழுதியிருந்தது அழிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் பேனாவால், கல்லூரிக்குப் போகும் மகள் கார்லிஸின் அழகான கையெழுத்தில், ‘சிம்பொனி கச்சேரி’ என்று இருந்தது. புரட்டிப் பார்த்தால் வாரம் முழுக்க அப்படியே. செய்திக்குப் பின்னால் கல்வி நிகழ்ச்சி, அதற்குப் பின்னால் கடல்வாழ் உயிரினங்கள். இப்படி ஒரு குடும்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் வெர்லீனே போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

கார்லிஸ் அடுப்படியில் ரொட்டி கருக்கிக்கொண்டிருந்தாள். அம்மா டைரியை மேஜைமேல் வைத்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நான்தாம்மா எழுதுனேன்.”

“ஏன்?”

“அவங்க நம்மளப் பாக்குறாங்க. நம்ம என்ன பாக்குறோம்னு வச்சு நம்ம யாருன்னு முடிவு பண்ணுறாங்க. ‘மூன்றாம் மாடி’யில அந்தக் கோமாளி கதவைத் திறந்துட்டு வந்து பல்லைக் காட்டுறான், நம்ம வீட்டுல அதைத்தான் பாக்குறோம்னு எழுதிக் குடுத்தா, இவங்களுக்கு இது போதும்னு இன்னும் பத்து கோமாளிய அனுப்புவான். ஒரு டாக்டரையோ ஒரு வாத்தியாரையோ அனுப்ப மாட்டான்.”

அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. வெர்லீனாலும் சொல்ல முடியவில்லை. வெளியிலிருந்து யாராவது பார்க்கிறார்கள் என்றால் வீட்டைப் பெருக்கி, நல்ல சட்டை மாட்டி, குரலைத் தணித்துப் பேசும் வழக்கத்தில் அவள்தானே இந்தப் பெண்ணை வளர்த்தாள்.

“நீ கச்சேரின்னு எழுதினா அந்தத் தொடரை நிறுத்திடுவாங்க,” என்றாள்.

“நிறுத்தட்டும்.”

“உங்கப்பா அதுல இருக்காருடி.”

கார்லிஸ் ரொட்டியைத் தட்டில் போட்டாள். அம்மாவை நேராகப் பார்க்கவில்லை. “அப்பா அதுல இல்லம்மா,” என்றாள் மெதுவாக. “அப்பா எங்கயும் இல்ல.”

பின் அறையிலிருந்து ஆல்டனின் தம்பி ராஸ்கோ சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். அண்ணன் போனதிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறான். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். அன்றைக்கு ஸ்டூடியோவில் அவனும் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், அவனும் வயிறு வலிக்கச் சிரித்தான். அப்படியிருக்க அண்ணன் சிரிப்பு மட்டும் எப்படி அண்ணிக்குக் கேட்கிறது என்பது அவனுக்கு ஒரு மனக்குறை. தனக்கென்ன சிரிக்கத் தெரியாதா என்று முன்பு ஒரு தரம் கேட்டும் விட்டான்.

மூன்று பேரும் அந்த டைரியைச் சுற்றிக்கொண்டு காப்பி குடித்தார்கள். வெர்லீன் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பினாள். ராத்திரிக்குள் அதை முடித்து நாளைக் காலை தபாலில் சேர்க்க வேண்டும்.

*

ப்ரூயிட் தம்பதியின் வீட்டில் அவளுக்கு ஒன்பது வருஷ வேலை. இரண்டு பேருந்து மாறி, மரங்கள் தடிக்கத் தடிக்க, நடைபாதையில் ஆளே இல்லாத தெருவில் இறங்கி நடக்க வேண்டும். புதன்கிழமை என்றால் இஸ்திரி நாள்.

மிஸஸ் ப்ரூயிட் கெட்டவள் இல்லை. இஸ்திரி மேஜையை டிவி இருக்கும் அறையிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லுவாள், பொழுது போகும் என்று. அவளும் சோபாவில் உட்கார்ந்து சீட்டுக்கட்டைப் பரப்பித் தனியாக ஆடிக்கொண்டிருப்பாள்.

ஆனால் ஒன்பது வருஷத்தில் வெர்லீன் அந்த டிவியை நிமிர்ந்து பார்த்ததும் அதற்குக் காது கொடுத்ததும் குறைவு. அங்கே ஓடுவது அவர்கள் பார்க்கிற சமாச்சாரம். பெரிய மாளிகை, ஒரு வெள்ளைக்கார வக்கீல், மூன்று பிள்ளைகள், டெல்ஃபி என்று ஒரு கறுப்பு வேலைக்காரி. ‘வேன்ஸ்லி குடும்பம்’ என்று பெயர். நாட்டில் அதற்குத்தான் முதலிடம் என்பார்கள். வெர்லீனின் தெருவில் அதைப் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். புதிய கதை புதன்கிழமை ராத்திரி, பழைய கதை பகலில்.

மிஸ்டர் ப்ரூயிட்டின் நாலாவது சட்டையை அவள் எடுத்தபோது பழைய கதைதான் ஓடியது. டெல்ஃபி கையில் தட்டோடு நிலவறைக்குள் இறங்குகிறாள். இருட்டில் ஏதோ அசைகிறது. தட்டைப் போட்டுவிட்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, பேய் பேய் என்று அலறி மாடிப்படியில் தடுக்கி விழுகிறாள். அசைந்தது அந்த வீட்டுப் பூனை.

“வெர்லீன், இதைப் பாரேன்,” என்றாள் மிஸஸ் ப்ரூயிட். “இவ உன்ன மாதிரியே இல்ல? நீயும் அன்னிக்கு எலியப் பாத்து இப்படித்தானே கத்தினே.”

வெர்லீன் மரியாதைக்குச் சிரித்து வைத்தாள். டிவியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓய்ந்தார்கள்.

அப்புறம் ஒரு விக்கல். அதன்பின் அந்தச் சிரிப்பு, மேலே மேலே ஏறி.

வெர்லீனின் இஸ்திரிப்பெட்டி சட்டைமேல் அப்படியே நின்றுவிட்டது. சத்தியமாக அவர்தான். இருபத்து மூன்று வருஷம் பக்கத்துத் தலையணையில் கேட்ட சிரிப்பு. படியில் விழுந்து கிடக்கும் அந்த வேலைக்காரியைப் பார்த்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வெர்லீன், கருகுது.”

இஸ்திரிப்பெட்டியைத் தூக்கினாள். காலரில் பழுப்பாக ஒரு தழும்பு. மன்னிப்புக் கேட்டாள். கேட்டுக்கொண்டே, “மேடம், கடைசியா ஒருத்தர் சிரிச்சாரே,” என்றாள்.

“ஓ, அந்த ஆளா?” மிஸஸ் ப்ரூயிட்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அவன் எல்லா வாரமும் இருப்பானே. எங்க வீட்டுல அவனுக்கு ‘மந்தன்’னு பேரு. வில்லர்ட் வச்ச பேரு. எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் பாவம் அவனுக்குப் புரியும். வில்லர்ட் அவன மாதிரியே சிரிச்சுக் காட்டுவார். எங்க சீட்டாட்டக் கூட்டமே அதைக் கேட்டு உருளும். ஏதோ பண்ணையில மாடு மேய்க்கிறவனக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்காங்கன்னு நினைக்கிறோம்.”

எத்தனை நாளாக? வெர்லீன் இந்த வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதெல்லாம் அவர் இந்த அறையில் இருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்காக அவள் ஏங்கிக் கிடந்த வாரங்களில், இவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, மந்தன் என்று பேர் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. தானாக வந்துவிட்டது.

“அது என் வீட்டுக்காரர் மேடம்.”

மிஸஸ் ப்ரூயிட் முதலில் சிரித்தாள். வெர்லீன் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்தினாள். அவள் குரல் ரொம்ப இதமாக, காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல் ஆகிவிட்டது.

“இருக்காது வெர்லீன். அந்த நிகழ்ச்சிக்கு உங்க ஆளுங்க வர்றதில்லையே.”

ஒரு வகையில் அது உண்மைதான். ஆல்டன் அங்கே போனதே இல்லை. அதுதான் அவளுக்குத் திகிலாக இருந்தது. கருகிய சட்டையைத் தனியாக மடித்து வைத்துவிட்டு, அடுத்த சட்டையை எடுத்தாள்.

*

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குழம்பில் வேகவைத்த கோழியும் சோள ரொட்டியும் செய்திருந்தாள். ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பகலில் நடந்ததை அவள் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கார்லிஸ் இந்தத் தடவை எதிர்த்துப் பேசவில்லை. மாமா ஒருத்தர் இறந்ததற்குப் பிறகு மாமிக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்து அவளை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேசியது ராஸ்கோ. முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அண்ணியைப் பார்க்காமல், தட்டைப் பார்த்தபடி பேசினான்.

“அண்ணி, அன்னிக்கு ஷூட்டிங் முடிஞ்சப்புறம் எங்கள வீட்டுக்கு அனுப்பல. காதுல ஏதோ மாட்டியிருந்த ஒரு வெள்ளைக்காரன் வந்தான். இன்னும் பத்து நிமிஷம் உக்காருங்க, சும்மா சிரிங்க, பதிவு பண்ணிக்கணும்னான். சின்னதா சிரின்னான், சிரிச்சோம். பெருசா சிரின்னான், சிரிச்சோம். மேடையில ஒரு ஆளு இல்ல. விளக்குகூட அணைச்சிட்டாங்க.”

“உங்க அண்ணனும் சிரிச்சாரா?” என்றாள் வெர்லீன்.

“அவன் அப்பவும் லேட்டாத்தான் சிரிச்சான். அந்த ஆளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அவன மட்டும் முன்னாடி கூப்பிட்டு உக்கார வச்சு, திரும்பத் திரும்பச் சிரிக்கச் சொன்னான். நான் கூட மனசுல...” ராஸ்கோ நிறுத்திக்கொண்டான். “உள்ள போகும்போதே ஒரு காகிதத்துல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க. யாரு படிச்சா.”

இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கார்லிஸ் கேட்டாள். அண்ணனை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்ததில் தனக்கு வயிற்றெரிச்சல், அதனால்தான் என்று அவன் ஒளிக்காமல் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

வெர்லீன் தட்டைத் தள்ளி வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் தன்னோடு சேர்ந்து அந்தத் தொடரை அவர் ரசிக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தாள். அவர் எதையுமே பார்த்துச் சிரிக்கவில்லை. இருட்டில், காலி மேடைக்கு முன்னால் உட்கார்ந்து, சொன்னதற்காகச் சிரித்திருக்கிறார். யாரோ அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்திலெல்லாம் ஒட்டுகிறார்கள்.

மணி எட்டு. அவள் எழுந்துபோய் டிவியைப் போட்டாள், ‘வேன்ஸ்லி குடும்பம்’ வரும் இடத்தில் வைத்தாள். அந்த வீட்டுக் கூடத்தில் அந்த நிகழ்ச்சி ஓடுவது அதுவே முதல் தடவை.

வக்கீல் வந்தார், பிள்ளைகள் வந்தார்கள். டெல்ஃபி முதலாளியம்மாவின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். முதலாளியம்மா பின்னாலிருந்து அதைப் பார்த்துவிட்டாள். டெல்ஃபி தொப்பியை உருவி, எங்கே ஒளிப்பது என்று தெரியாமல், சூப் பாத்திரத்துக்குள் போட்டாள். சிரிப்பு. அமைதி.

ஆல்டன் சிரித்தார்.

கார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஸ்கோ எழுந்து நின்றுவிட்டான், சர்ச்சில் பிரேதப் பெட்டி உள்ளே வரும்போது நிற்பதுபோல. “அவன்தான்,” என்றான். “அண்ணி, அவனேதான்.”

“அணைச்சிடும்மா,” என்றாள் கார்லிஸ். “அப்பா அதைப் பாத்துச் சிரிக்க மாட்டாரு. உன்னைய அப்படி யாராவது... அப்பா சிரிக்கவே மாட்டாரும்மா.”

சிரிப்பு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அது உச்சிக்குப் போகும்போது அவர் கண்ணில் தண்ணீர் வரும், சட்டைக் கையால் துடைத்துக்கொள்வார். வெர்லீன் டிவிக்கு எதிரில் போய் நின்றாள். இந்த விரலால் இதை எப்படிச் செய்வது என்று ஒரு கணம் நின்றாள். அணைத்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. இரண்டாம் தடவை விதவையானதுபோல் இருந்தது அவளுக்கு.

கொஞ்ச நேரம் கழித்து டைரியை எடுத்து வந்தது கார்லிஸ்தான். பேனாவையும் அவளே திறந்தாள். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் சிம்பொனியின் மேல் நீளமாக ஒரு கோடு போட்டாள். எழுதுவதற்கு முன் அம்மாவைப் பார்த்தாள்.

“அவர் அதையும் பாத்துச் சிரிக்கலன்னு ஆயிடுச்சேம்மா. இன்னும் எழுதணுமா?”

வெர்லீன் யோசித்தாள். “எங்க உக்காந்து சிரிக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை அவரக் கேட்டிருந்தா, வெள்ளிக்கிழமையைத்தான் கேட்டிருப்பாரு,” என்றாள். “நம்ம ஜனங்களோட. எழுது.”

கார்லிஸ் ‘மூன்றாம் மாடி’ என்று எழுதினாள். கடல்வாழ் உயிரினங்களையும் அடித்தாள். புதன்கிழமை எட்டு மணிக் கட்டத்துக்கு வந்ததும், பார்த்ததை எழுதுவதா என்று தயங்கினாள். முதலிடத்தில் இருப்பவர்களுக்கு இந்த வீட்டிலிருந்தும் ஒரு கை கொடுக்க வேண்டாம் என்றாள் வெர்லீன். டிவி அணைந்திருந்தது என்பதற்கு டைரியில் ஒரு கட்டம் உண்டு. அதில் குறி போட்டார்கள். அந்த டேப்பை யார் வைத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டவர் செத்துப்போனால் அது யாருக்குச் சொந்தம் என்று நாளைக்கே ஸ்டூடியோ வாசலில் போய்க் கேட்கப்போவதாகக் கார்லிஸ் சொன்னாள். ராஸ்கோ தானும் வருவதாகச் சொன்னான்.

அப்போது ஃபோன் அடித்தது.

மிஸஸ் ப்ரூயிட். ஒன்பது வருஷத்தில் அவள் இந்த வீட்டுக்கு ஃபோன் செய்தது இரண்டு தடவை, இரண்டும் வெள்ளிக் கரண்டி எங்கே இருக்கிறது என்று கேட்க.

“வெர்லீன், நீ சொன்னதே மனசுல ஓடிட்டு இருக்கு. தொப்பி வந்தப்போ அவன் சிரிச்சான், கேட்டியா? நான் வில்லர்ட்கிட்ட சொன்னேன். வில்லர்ட் நம்ப மாட்டேங்கிறார். விளம்பரம் முடியறதுக்குள்ள கேளுங்கிறார். உன் வீட்டுக்காரர் பேரென்ன?”

அவள் குரலில் குத்தல் இல்லை. ஏதோ நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெர்லீன் நிமிர்ந்து நின்றாள். அந்த வீட்டில் அவளை யாரும் மிஸஸ் கிடியன் என்று கூப்பிட்டதில்லை. “மிஸ்டர் கிடியன்,” என்றாள். “மிஸ்டர் ஆல்டன் கிடியன்.”

மிஸஸ் ப்ரூயிட் அதை அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. விளம்பரப் பாட்டு முடிந்தது. டெல்ஃபியின் குரல், என்னவோ கெஞ்சுகிறாள். கூட்டம் சிரித்தது, ஓய்ந்தது. அப்புறம் ஃபோன் கம்பி வழியாக, ப்ரூயிட் வீட்டுச் சோபாவையும் சீட்டு மேஜையையும் தாண்டி, அந்த விக்கல் வந்தது.

“வந்துட்டார் பாரு,” என்று மிஸ்டர் ப்ரூயிட் கத்தினார். “மிஸ்டர் ஆல்டன் கிடியன்!” சொல்லிவிட்டு, அதேபோல் விக்கி, அதேபோல் இழுத்துச் சிரித்துக் காட்டினார். மிஸஸ் ப்ரூயிட் அவரை அடக்கப் பார்த்தாள், முடியாமல் அவளும் சிரித்துவிட்டாள்.

யார் என்ன சொன்னார்கள் என்று கார்லிஸ் சைகையால் கேட்டாள். ஃபோனை வைத்துவிடச் சொன்னாள். ஆனால் அவர்கள் இரண்டு பேர் சத்தத்துக்கும் அடியில் ஆல்டன் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. வெர்லீன் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.